காணாமல் போன விண்கலம் உங்கள் கதையில் ஓட மாட்டேன் என்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்குங்கள்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்தால் லேசில் விடாது, கரண்ட் போகும், வரும், வந்த சந்தோஷத்தில் தண்ணீர் மோட்டாரைப் போடுவதற்குள் மறுபடி போகும். அப்படியொரு மழையில்தான் தொலைந்த விண்கலத்தைத் தேடிப் போகும் சாகசக் கதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கலத்துக்கு வரையாடு என்று பெயர் வைத்தேன். இருபது அத்தியாயம் திட்டம், நான்காவது அத்தியாயத்திலேயே கலம் கிடைத்துவிட்டது, மீதிப் பதினாறிலும் எல்லாரும் டீ குடித்துக்கொண்டு விளக்கம் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் முப்பது வருடம் கோத்தகிரி மேட்டுப்பாளையம் ரூட்டில் பஸ் ஓட்டியவர். அவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, ஒரு வண்டி காணோம்னா கடைசியா எங்க டீசல் போட்டாங்க, எந்த ஸ்டாப்ல யார் பார்த்தாங்கன்னுதானே முதல்ல கேப்போம்? உன் கதையில ஒருத்தனும் அதைக் கேக்கலையே?"

அந்த ஒரு கேள்வியில் கதையை மொத்தமாகப் பிரித்து மாட்ட வேண்டியதாகிவிட்டது. பிரிக்கும்போது கண்டுபிடித்த கோளாறுகள்தான் கீழே இருக்கின்றன. உங்கள் கதையில் எந்த நோய் தெரிகிறதோ அதற்கு நேராகப் போங்கள், ஆனால் முதல் அறிகுறியை மட்டும் எல்லாரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பாதிப் பழுது அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அறிகுறி: கலம் தொலைந்துவிட்டது, ஆனால் படிக்கிறவருக்குப் பதற்றமே இல்லை

பெரும்பாலும் காரணம் இதுதான்: கலம் "திடீரென்று திரையிலிருந்து மறைந்தது" என்று ஒரே வரியில் தொலைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொலைத்தேன். உண்மையில் கலங்கள் அப்படித் தொலைவதில்லை, ஏதோ ஒரு சாதாரண வேலை நடந்துகொண்டிருக்கும்போது தொலைகின்றன. ஸ்டீரியோ-பி என்ற சூரிய ஆய்வுக் கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சூரியனுக்குப் பின்பக்கம் போகப் போகிறது, பல வாரம் பேச முடியாது, அதனால் பூமியிலிருந்து 72 மணி நேரம் எந்தக் கட்டளையும் வராவிட்டால் தானாக ரீசெட் ஆகிறதா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார்கள். 2014 அக்டோபர் 1. ரீசெட் ஆகி எழுந்த கலம் பலவீனமாக ஒரு சிக்னல் கொடுத்தது, அதோடு அமைதி. தொலைந்தால் என்ன செய்வது என்று பார்க்கப் போன சோதனையிலேயே தொலைந்தது! மறுபடி அதன் சிக்னல் கிடைத்தது 2016 ஆகஸ்ட் 21 அன்று, கிட்டத்தட்ட 22 மாதம் கழித்து.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒரு துண்டுச் சீட்டில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகப் பேசிய நேரம், அப்போது கலம் இருந்த இடம், போய்க்கொண்டிருந்த திசையும் வேகமும், பேட்டரியில் மிச்சம். கதையில் தேடுகிறவர்களுக்கு இந்த நான்கில் எது தெரியும், எது தெரியாது, எதைத் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனியாகக் குறியுங்கள். இரண்டு அத்தியாயம் கடந்தும் சீட்டில் எதுவும் மாறவில்லை என்றால் அந்த இரண்டில் ஒன்றைத் தாராளமாகத் தூக்கிப் போடலாம். நான் மூன்றைத் தூக்கினேன், அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம், உறைபனி விழுந்த புல்வெளியில் காட்டெருமை நிற்கும், நன்றாகத்தான் எழுதியிருந்தேன், போகட்டும்.

அறிகுறி: ஒரு பட்டனைத் தட்டியதும் கலம் கிடைத்துவிடுகிறது

என் நான்காவது அத்தியாயத்தின் நோய் இது. கதாநாயகி செல்வி கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு 'ஸ்கேன்' போடுகிறாள், சிவப்புப் புள்ளி மின்னுகிறது, முடிந்தது கதை. அண்ணன் அந்த இடத்தில் பென்சிலால் "இது என்ன ஜோசியமா" என்று எழுதியிருந்தார்.

இதற்கு மருந்து நம்மூர்க் கலத்திடமே இருக்கிறது. சந்திரயான்-1 விண்ணில் ஏறியது 2008 அக்டோபரில், தொடர்பு அறுந்தது 2009 ஆகஸ்ட் 29 அன்று. அது கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் பக்கமுள்ள ஒரு பெட்டி. நிலவைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் எங்கே? நிலவின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, அடியில் ஆங்காங்கே கனம் கூடிய திட்டுகள் இருக்கின்றன, அவை தாழ்வாகச் சுற்றும் கலத்தின் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கலைத்துவிடும். ஏழு வருடம் போனால் பழைய கணக்கு உதவாது. தொலைநோக்கியால் கண்ணில் பார்க்கலாம் என்றால் பக்கத்தில் நிலவு கண்ணைக் கூசும் அளவுக்கு எரிகிறது.

தேடியவர்கள் கலத்தைத் துரத்தவில்லை என்பதுதான் இதில் அழகு. அது நிலவின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றுகிற கலம், ஆக எந்த வழியாக வந்தாலும் வட துருவத்தைக் கடந்தே ஆக வேண்டும். 2016 ஜூலை 2 அன்று கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோனின் 70 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து நிலவின் வட துருவத்துக்கு 160 கிலோமீட்டர் மேலே ரேடார் அலையை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், எதிரொலியைப் பிடிக்க மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க்கின் 100 மீட்டர் தட்டு காத்திருந்தது. நான்கு மணி நேரத்தில் ஏதோ ஒரு சின்னப் பொருள் இரண்டு முறை கடந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் சந்திரயான்-1 ஒரு சுற்று முடிக்க எடுக்கும் நேரத்தோடு ஒத்துப்போனது, 2 மணி 8 நிமிடம். பழைய கணக்குப்படி எங்கே இருந்திருக்க வேண்டுமோ அதிலிருந்து பாதிச் சுற்று தள்ளி இருந்தது.

இதை அண்ணனுக்குச் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "கீழ போற வண்டி எங்க நிக்குதுன்னு தெரியாட்டி குஞ்சப்பனை செக்போஸ்ட்ல போய் உக்காந்துக்க வேண்டியதுதானே, எப்படியும் அதைத் தாண்டித்தானே ஆகணும்" என்றார்.

ஆக உங்கள் கதைக்கு ஒரு செக்போஸ்ட் தேடுங்கள். கலம் கட்டாயம் கடக்க வேண்டிய இடம் எது, எப்போது கடக்கும், அங்கே காத்திருக்க எவ்வளவு நேரம் அனுமதி கிடைக்கும். முதல் முறை ஏதோ கடந்தது என்றதும் யாரையும் குதிக்க விடாதீர்கள். ஒரு முறை கடப்பது எது வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவது முறை வருமா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும் அந்த இரண்டு மணி எட்டு நிமிடத்தில் எந்தத் துரத்தல் காட்சியையும் விட அதிகச் சரக்கு இருக்கிறது.

அறிகுறி: கதாநாயகி கலத்தோடு போனில் பேசுவதுபோல் பேசுகிறாள்

தூரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம். ஒளியும் ரேடியோ அலையும் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர்தான், அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூடப் போகாது. நிலவு என்றால் ஒன்றேகால் நொடி, சமாளிக்கலாம். செவ்வாய் என்றால் ஒரு பக்கத்துக்கே 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை. அதற்கும் அப்பால் போனால் நாசாவின் வாயேஜர்-2 கலத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 2023 ஜூலை 21 அன்று போன ஒரு தப்பான கட்டளையால் அதன் ஆன்டெனா பூமியிலிருந்து வெறும் 2 டிகிரி திரும்பிக்கொண்டது. அவ்வளவுதான், பேச்சு நின்றது. கலம் அப்போது 1990 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். கான்பெராவில் இருக்கும் பெரிய ஆன்டெனாவிலிருந்து முழுச் சக்தியோடு ஒரு கட்டளையை, தொண்டை கிழியக் கத்துவதுபோல், அனுப்பினார்கள். போய்ச் சேர பதினெட்டரை மணி நேரம், பலித்ததா என்று தெரிய இன்னொரு பதினெட்டரை. ஆகஸ்ட் 4 அன்று பதில் வந்தது.

37 மணி நேரம் உங்கள் கதாநாயகி என்ன செய்வாள்? இதற்குப் பதில் இல்லாததால்தான் பலர் தூரத்தையே மறைக்கிறார்கள். என் செல்வி கட்டளையை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். கரண்ட் இல்லை. அவரைக் கொட்டையை ஊற வைக்கிறாள், மறுநாள் ஒவ்வொன்றாகத் தோலை நசுக்கி எடுக்கிறாள், பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கிறாள், அம்மா கேட்கிறாள் "பதில் வந்துச்சா?", இவள் "இப்பதாம்மா போய்ச் சேர்ந்திருக்கும்" என்கிறாள். அந்த ஒரு வரி எழுதி முடித்தபோதுதான் எனக்கே தூரம் புரிந்தது.

அறிகுறி: ஊட்டி ரேடியோ தொலைநோக்கி எல்லா வேலையும் செய்துவிடுகிறது

ஊர்ப் பாசம்தான், வேறென்ன. நீலகிரியில் கதை எழுதினால் முத்தோரையில் இருக்கும் அந்தப் பிரம்மாண்டத்தை உள்ளே கொண்டு வராமல் கை நிற்காது. ஆனால் வானத்தில் எதைக் கேட்டாலும் பிடித்துத் தரும் மந்திரக்கோலாக அதை ஆக்கிவிட்டால், அதைப் பற்றித் தெரிந்த ஒருவர் படித்தாலே போதும், புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்.

ரேடியோ வானியலாளர் கோவிந்த் சுவரூப் குழுவினர் கட்டி 1970-இல் இயங்கத் தொடங்கியது அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். தட்டுப்போல் வட்டமாக இருக்காது, பாதியாகப் பிளந்த குழாயை மலைச்சரிவில் படுக்க வைத்த மாதிரி இருக்கும், பிரதிபலிக்கும் பரப்பு தகடு கூட இல்லை, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள். ஏன் ஊட்டி என்றால் அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. சரிவோடு சரிவாகப் படுத்தால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும், ஒரே அச்சில் மெதுவாகச் சுழற்றினாலே ஒரு வானப் பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பார்க்கலாம். மலைச்சரிவையே கருவியின் பாகமாக ஆக்கிக்கொண்ட யோசனை இது, எத்தனை முறை அந்தப் பக்கம் போனாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இப்போது கதைக்கு இடிக்கும் விஷயங்கள். ஒன்று, அது கேட்கும், பேசாது, அதிலிருந்து கலத்துக்குக் கட்டளை அனுப்ப முடியாது. இன்னொன்று, அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிய குறுகிய பட்டையை மட்டும், விண்கலங்கள் வழக்கமாகப் பேசும் 2000 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலையெல்லாம் அதன் காதில் விழாது. நான் முதலில் எழுதியது இரண்டையும் மீறியது. இந்தத் தடைகளை அழிக்காமல் கதையில் அப்படியே வைத்துக்கொண்டதும்தான் கதை நகர்ந்தது. வரையாட்டில் பழைய அவசரக் கருவி ஒன்று 326 பக்கம் முனகுகிறது, யாரும் எதிர்பார்க்காத பட்டை, உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் வேறு இடத்தில் காது வைத்திருக்கிறார்கள், ஊட்டிக்கு மட்டும் கேட்கிறது, ஆனால் ஊட்டியால் பதில் சொல்ல முடியாது. அதோடு ஒரு நாளைக்கு ஒன்பதரை மணி நேரம்தான். ஒன்பதரை முடியும்போது வாக்கியம் பாதியில் நின்றால் நாளைக்குத்தான்.

அறிகுறி: 'மூடுபனியால் சிக்னல் கிடைக்கவில்லை'

அழித்துவிடுங்கள். இந்த அலைகளுக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. மூடுபனி கெடுப்பது ரோட்டை, பஸ்ஸை, கண்ணை. பனியால் செல்வி முத்தோரைக்குப் போய்ச் சேரத் தாமதமாகலாம், மரம் விழுந்து கரண்ட் போகலாம், இடி மின்னல் ரேடியோவில் கரகரப்பை ஏற்றலாம். இதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சிக்னல் வந்துவிட்டது, ஆனால் அது இந்தக் கலம்தான் என்று யாரும் நம்பவில்லை

இதற்கு இரண்டு சோதனை. முதலாவது டாப்ளர். கொண்டை ஊசி வளைவில் நின்று பஸ் ஹாரனைக் கேட்டிருப்பீர்கள், வரும்போது சுருதி ஏறியும் தாண்டிப் போகும்போது இறங்கியும் கேட்கும். பனியில் பஸ் தெரியாது, ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு வேகம் என்று அண்ணன் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கலமும் அப்படித்தான். 2200 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் கலம் நொடிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் நேராக நம்மை நோக்கி வந்தால் சிக்னல் சுமார் 51 கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளித் தெரியும், தாண்டிப் போனால் கீழே இறங்கும். அந்த ஏற்ற இறக்கக் கோடு ஒவ்வொரு சுற்றுப்பாதைக்கும் ஒவ்வொரு மாதிரி வளையும். எதுவுமே நகராமல் ஒரே இடத்தில் நின்றால் அது நீங்கள் தேடும் கலமாக இருக்காது, பக்கத்து வீட்டு சார்ஜராக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது அடையாள எண். இங்கே இமேஜ் என்ற கலத்தின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. நாசாவின் கலம், 2000-இல் ஏவியது, 2005 டிசம்பரில் பேச்சு நின்றது. எல்லாரும் கைவிட்டார்கள். 2018 ஜனவரியில் கனடாவில் ஸ்காட் டில்லி என்ற அமெச்சூர் ரேடியோ ஆர்வலர் வேறொரு ரகசியச் செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டிருந்தபோது இதன் சிக்னல் வந்து விழுந்தது. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. நாசா உள்ளே வந்த தரவைப் பிரித்துப் பார்த்தபோது கலத்தின் அடையாள எண் 166 என்று இருந்தது, அது இமேஜுக்கு உரியது. அதற்குப் பிறகு வந்த சிக்கல் இன்னும் ருசியானது. அந்தக் கலத்தோடு பேசப் பயன்படுத்திய கம்ப்யூட்டர்களும் ஆபரேட்டிங் சிஸ்டமும் அதற்குள் வழக்கொழிந்துவிட்டன. கலம் கிடைத்துவிட்டது, அதன் பாஷை பேச ஆள் இல்லை.

கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு வேண்டுமா? பழைய கலம் என்றால் பழைய மெஷின் வேண்டும், பழைய மெஷின் என்றால் அதைத் தொட்ட கை வேண்டும். என் கதையில் அது செல்வியின் சித்தப்பா, ரிட்டயர்ட் ஆகி கோத்தகிரியில் கேரட் போட்டுக்கொண்டிருக்கிறார், கேட்டதும் "அந்த நோட்டையெல்லாம் உங்க சித்தி பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டா" என்கிறார்.

இடையில் ஒன்று: இமேஜ் தொலைந்திருந்த காலம் பன்னிரண்டு வருடம், ஏறக்குறைய ஒரு நீலக்குறிஞ்சி. 2006-இல் பூத்தது 2018-இல் பூத்தது. "பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு" என்று எழுதுவதற்குப் பதில் மலை மறுபடி நீலமானது என்று எழுதினால் நம் ஆட்களுக்குப் புரியும். ஒரு கதைக்கு ஒரு தடவை போதும், அதற்கு மேல் போனால் சுற்றுலாத் துறை விளம்பரம் ஆகிவிடும்.

அறிகுறி: விஞ்ஞானிகள் டப்பிங் பேசுகிறார்கள்

"கடவுளே, நாம் அதை இழந்துவிட்டோம்!" இப்படி ஒரு வரி இருந்தால் உடனே சத்தமாகப் படித்துப் பாருங்கள். நம் ஆள் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு "என்னங்க சார், லைன் போயிடுச்சு" என்பார். அதுவே போதும்.

அறிகுறி: நடுவில் கலம் கிடைத்துவிட்டது, அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை

சோஹோ என்ற சூரிய ஆய்வுக் கலத்தைப் பாருங்கள். 1998 ஜூன் கடைசியில் தொலைந்தது. ஜூலை 23 அன்று புவெர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து ரேடார் அனுப்பி, கோல்ட்ஸ்டோனில் எதிரொலி பிடித்து, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் அது கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே மெல்லச் சுழன்றுகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது முடிவு என்றா நினைக்கிறீர்கள்? ஆகஸ்ட் 3 அன்றுதான் கலத்திலிருந்து முதல் முனகல். பேட்டரி காலி, எரிபொருள் உறைந்து கல்லாகிவிட்டது. கொஞ்சம் சார்ஜ் ஏற்று, ஹீட்டரைப் போடு, டேங்கை உருக்கு, மறுபடி சார்ஜ், அப்புறம் குழாய்களை உருக்கு. செப்டம்பர் பாதியில்தான் அதைச் சூரியன் பக்கம் திருப்ப முடிந்தது. இடம் தெரிவது, குரல் கேட்பது, உயிர் வருவது, சொன்ன பேச்சு கேட்பது எல்லாம் தனித்தனி. நான்கையும் ஒரே பக்கத்தில் முடித்திருந்தால் பிரித்து எழுதுங்கள்.

அறிகுறி: கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள், ஆனால் சப்பென்று இருக்கிறது

'எங்கே' என்பதற்கு மட்டும் பதில் சொல்லி 'ஏன் பேசவில்லை' என்பதை விட்டிருப்பீர்கள். பீகிள்-2 செவ்வாயில் இறங்க வேண்டிய நாள் 2003 கிறிஸ்துமஸ். ஒரு சத்தமும் இல்லை, நொறுங்கியிருக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். 2015 ஜனவரியில், செவ்வாயைச் சுற்றும் கலம் எடுத்த படங்களில் பார்த்தால் முழுசாக இறங்கியிருக்கிறது. சூரியத் தகடுகள் முழுசாக விரிந்து முடியவில்லை, ஆன்டெனா இருந்தது அவற்றுக்கு அடியில். பதினோரு வருடம் நல்லபடி இறங்கிய ஒன்றைச் செத்ததாக எண்ணியிருக்கிறார்கள். அந்த விரியாத தகடு படிக்கிறவர் நெஞ்சில் நிற்கும்.

சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் வேறு மாதிரி. 2019 செப்டம்பர் 7 அன்று அது நிலவில் மோதிய பிறகு, நாசா வெளியிட்ட படத்தையும் பழைய படத்தையும் வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டவர் சென்னையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அவர் கண்ணில் பட்டது ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, பழைய படத்தில் இல்லாதது, மோதிய இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் தள்ளி. டிசம்பரில் நாசா அது விக்ரமின் துண்டுதான் என்று சொன்னது. உங்கள் கதையில் கிடைப்பது முழுக் கலமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை.

என் வரையாட்டில் இன்னும் ஒரு கோளாறு பாக்கி. ஒன்பதாவது அத்தியாயத்தில் செல்வி ஒரு முறை கூப்பிட்டால் கலம் இரண்டு முறை பதில் சொல்கிறது. துண்டுச் சீட்டை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். அவர் வர்க்கியை டீயில் முக்கி எடுத்துக்கொண்டே, "ரெண்டு ஹாரன் கேட்டா ரெண்டு வண்டி இருக்கும் தம்பி" என்றார். இன்று மழை விட்டிருக்கிறது, அந்த அத்தியாயத்தைப் பிரித்து மேசையில் போட்டிருக்கிறேன்.